மண்ணின் குறை யார் கணக்கில்? ஒரு விரிசலும் இரண்டு தீர்ப்புகளும்

பக்கத்து மனை அண்ணன் வீட்டில், பின்பக்கச் சுவரும் தரையும் சேருகிற இடத்தில் ஒரு விரிசல் இருக்கிறது. என் சுண்டுவிரல் நுழையும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி, ஒரே நாளில் அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான மழையைக் கொட்டியது பலருக்கு நினைவிருக்கும். அது வடிவதற்குள் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி வந்து பாகூர் கொம்யூன் கிராமங்களுக்குள் புகுந்தது. எங்கள் பிள்ளையார்குப்பத்தில் ஆற்றுத் தண்ணீர் வராத தெருவிலும் மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் நாள்கணக்கில் நின்றது. அண்ணன் வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. பேஸ்மட்டத்தை உயர்த்திக் கட்டியிருந்தார். தெருவில் எல்லோரும் அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டோம். தண்ணீர் வடிந்து மூன்றாவது வாரம் பின்பக்கம் ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

வீட்டுக்கடன் வாங்கும்போதே பேங்க்கில் ஒரு இன்சூரன்ஸையும் சேர்த்துப் போட்டுவிட்டிருந்தார்கள். அண்ணன் கிளெய்ம் போட்டார். சர்வேயர் வந்தார், படம் எடுத்தார், போனார். சில வாரம் கழித்து ஒரு பத்திக் கடிதம் வந்தது. சேதம் வெள்ளத்தால் வந்தது அல்ல, மண் கொட்டி நிரப்பிய நிலம் இறங்கியதால் வந்தது, அது பாலிசியில் சேராது என்று. எந்தக் கம்பெனி என்று இங்கே சொல்லப்போவதில்லை. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் இதே கடிதம்தான் வந்திருக்கும் என்பது என் எண்ணம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சட்டத் தீர்ப்புகளைக் கதைப் புத்தகம் மாதிரி வாசிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. அந்த ஒரே தகுதியை வைத்து அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு பாண்டியில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனார். முப்பது வருஷத்துக்கு மேல் இன்சூரன்ஸ் வழக்கே வாழ்க்கையாக இருப்பவர். கடிதத்தை ஒருமுறை படித்தார். அலமாரியிலிருந்து இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை எடுத்து மேஜைமேல் போட்டார். "தம்பி, இதுல ஒண்ணு உங்க அண்ணனுக்கு, இன்னொண்ணு கம்பெனிக்கு. ரெண்டையும் படிச்சிட்டு வாங்க, அப்புறம் ஃபீஸ் பேசலாம்" என்றார். படித்தேன். இது அந்தப் படிப்பைப் பற்றிய குறிப்பு.

அதற்கு முன் அந்த வக்கீல் வாழ்க்கையைப் பற்றிக் கொஞ்சம். நம் ஊரில் இன்சூரன்ஸ் வக்கீல் என்றால் முதலில் மோட்டார் விபத்துக் கேஸ். சோறு போடுவது அதுதான். அரசு இன்சூரன்ஸ் கம்பெனிகள் வக்கீல்களைப் பேனலில் வைத்திருக்கும். இவரும் ரொம்ப காலம் ஒரு பேனலில் இருந்தவர். தீ, வெள்ளம், கட்டடம் சரிந்தது மாதிரி கேஸ்கள் எப்போதாவதுதான் வரும், ஆனால் வந்தால் வருஷக்கணக்கில் ஓடும். பேனலை விட்ட பிறகு எதிர்ப்பக்கம் வந்துவிட்டார். "எந்த விதியை வச்சு கம்பெனிய காப்பாத்தினேனோ, அதே விதியைத்தான் இப்ப உடைச்சிட்டு இருக்கேன். பாயிண்ட் எல்லாம் பழசுதான், நான் உக்கார்ற பக்கம்தான் மாறியிருக்கு" என்றார். இதில் அவருக்கு வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை.

இந்தத் தொழிலில் கோர்ட்டில் பேசுவதைவிட முக்கியம் கோர்ட்டுக்கு வருமுன் எழுதப்பட்ட தாள் என்று அவர் சொன்னது எனக்குப் புதிது. இன்சூரன்ஸ் சட்டம் 1938-இன் 64யூஎம் பிரிவுப்படி, குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட இழப்பை உரிமம் பெற்ற சர்வேயர் மதிப்பிட வேண்டும். அந்த அறிக்கை வேதவாக்கு இல்லை, போதிய காரணம் இருந்தால் அதைத் தாண்டலாம் என்று 2009-இல் நியூ இந்தியா எதிர் பிரதீப் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சொன்னாலும், தாண்டுவதற்கு எதிர்த்தாள் ஒன்று கையில் இருக்க வேண்டும். அண்ணனிடம் இருந்தது மொபைலில் எடுத்த பதினோரு படம்.

சரி, தீர்ப்புகளுக்கு வருவோம்.

முதலாவது, டெக்ஸ்கோ மார்க்கெட்டிங் எதிர் டாடா ஏஐஜி. 2022 நவம்பர் 9 அன்று நீதிபதிகள் சூர்ய காந்த், எம்.எம்.சுந்தரேஷ் கொடுத்தது. சுந்தரேஷ் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனவர். வழக்கு ரொம்ப எளிமையானது. ஒரு கடைக்குத் தீ விபத்துப் பாலிசி. கடை இருந்தது கட்டடத்தின் பேஸ்மென்டில். பாலிசியிலோ பேஸ்மென்டுக்குக் காப்பு இல்லை என்று ஒரு வரி. தீப்பிடித்தது, கம்பெனி அந்த வரியைக் காட்டிக் கையை விரித்தது.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். நம் மேஸ்திரிகள் பேஸ்மட்டம் என்று சொல்வது தரைக்கு மேலே எழுப்பும் அடிப்பீடத்தை. சட்டக்காரர்கள் சொல்லும் பேஸ்மென்ட் தரைக்குக் கீழே இருக்கும் நிலவறை. அண்ணன் இந்தத் தீர்ப்பின் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "அப்போ நான் பேஸ்மட்டம் உயர்த்தினதே தப்பா?" என்று பதறிப்போனார். ஒரே சொல் மேலேயும் கீழேயும் போகும் நாட்டில் பாலிசியை இங்கிலீஷில் மட்டும் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறார்கள்.

உச்ச நீதிமன்றம் கேட்ட கேள்வி நேரானது. கம்பெனி ஆள் வந்து கடையைப் பார்த்திருக்கிறார். கடை நிலவறையில் இருப்பது தெரியும். தெரிந்தே பிரீமியம் வாங்கியிருக்கிறார்கள். அப்படியானால் அந்த விலக்கு வரி அமலில் இருந்தால் இந்தப் பாலிசி முதல் நாளிலிருந்தே எதற்குக் காப்பு? ஒன்றுக்குமில்லை. ஒப்பந்தத்தின் உயிரையே எடுக்கும் விலக்கை ஒப்பந்தத்திலிருந்து வெட்டிவிடலாம் என்று முடிவு செய்து, கடைக்காரருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள்.

நல்ல தீர்ப்பு, ஆனால் குறை இல்லாதது இல்லை. மையக் காரணத்தை இரண்டு பத்தியில் சொல்லி முடித்திருக்கலாம். அதைச் சுற்றி ஒருதலை ஒப்பந்தம், நியாயமற்ற நிபந்தனை, விலக்கின் நோக்கம் என்று கோட்பாடுகளை அடுக்கிக்கொண்டே போகிறார்கள். விளைவு என்னவென்றால், கடை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் காசு வாங்கினார்கள் என்ற அந்தக் குறிப்பிட்ட விஷயத்திலிருந்து தீர்ப்பைப் பிய்த்தெடுத்து, எந்த விலக்கையும் உடைக்கும் சம்மட்டியாக ஆளாளுக்கு மேற்கோள் காட்டலாம் என்ற எண்ணம் வருகிறது. எனக்கே வந்தது. அண்ணனிடம், "ஜெயிச்சாச்சு" என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் இரண்டாவது தீர்ப்பைப் படித்தேன்.

இரண்டாவது, நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் ஹூண்டாய் இன்ஜினியரிங். 2024 மே 16, நீதிபதிகள் ஏ.எஸ்.போபண்ணா, பி.எஸ்.நரசிம்மா. ராஜஸ்தானில் கோட்டா நகரை ஒட்டிச் சம்பல் ஆற்றின் குறுக்கே தேசிய நெடுஞ்சாலை ஆணையம் ஒரு கம்பித்தொங்கு பாலம் கட்டியது. ஹூண்டாயும் கேமன் இந்தியாவும் கூட்டாக எடுத்த வேலை. 2009 டிசம்பர் 24 அன்று, கட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு பகுதி இடிந்து ஆற்றில் விழுந்தது. 48 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். வேலைக்குக் கான்ட்ராக்டர் ஆல் ரிஸ்க் பாலிசி இருந்தது. பெயரில்தான் எல்லா ஆபத்தும். உள்ளே விலக்குகள் உண்டு, அதில் ஒன்று குறைபாடுள்ள வடிவமைப்பு. 2011-இல் கம்பெனி கிளெய்மை மறுத்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் 2023 ஜனவரியில் ஒப்பந்தக்காரர்கள் பக்கம் நின்று சுமார் 39 கோடி ரூபாயை வட்டியோடு கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

காரணம், மத்திய அரசு அமைத்த நிபுணர் குழுவின் அறிக்கை. பாதி முடிந்த கட்டமைப்புக்கு உறுதி போதவில்லை, வடிவமைப்பில் பற்றாக்குறை, வேலைத்தரத்திலும் குறை, எல்லாம் சேர்ந்துதான் விழுந்தது என்று குழு சொல்லியிருந்தது. விலக்கு பொருந்தும் என்று நிரூபிக்க வேண்டியது இன்சூரன்ஸ் கம்பெனி, அந்தப் பொறுப்பை இந்த அறிக்கையால் அது நிறைவேற்றிவிட்டது, ஆணையம் அறிக்கையை ஒதுக்கியது தவறு. இதுதான் தீர்ப்பின் சாரம்.

டெக்ஸ்கோவைவிடக் கச்சிதமாக எழுதப்பட்ட தீர்ப்பு இது. யார் எதை நிரூபிக்க வேண்டும், நிரூபித்தார்களா என்ற ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு போகிறது. அந்த வரையில் மறுப்பு சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு உறுத்துவது வேறு.

கான்ட்ராக்டர் ஆல் ரிஸ்க் பாலிசியில் வடிவமைப்புக் குறையும் வேலைத்தரக் குறையும் ஒன்றல்ல. வேலைத்தரமோ பொருளோ மோசம் என்றால், வழக்கமான வாசகப்படி, மோசமான அந்தப் பாகத்தைச் சரிசெய்யும் செலவுதான் விலக்கு. அதனால் நல்ல பாகம் விழுந்தால் அந்தச் சேதத்துக்குக் காப்பு உண்டு. வடிவமைப்புக் குறை என்றாலோ மொத்தமும் வெளியே. வேண்டுமானால் கூடுதல் பிரீமியம் கட்டித் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். ஆக, ஒரு தூண் விழுந்ததற்குக் காரணம் வரைபடத்தில் இருந்ததா, கொத்தனார் கையில் இருந்ததா என்பதில் கோடிகள் தொங்குகின்றன. நிபுணர் குழு இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் இடம் தீர்ப்பில் எனக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குழு உட்கார்ந்ததோ ஏன் விழுந்தது என்று கண்டுபிடிக்க. எந்த விதியில் அடங்கும் என்று சொல்வது அதன் வேலை இல்லை. கோர்ட் அதன் வாக்கியங்களை எடுத்து விதியின் வாக்கியத்தோடு ஒட்டவைத்துவிட்டது.

இன்னொன்று. டெக்ஸ்கோவில் கோர்ட், "நீ பார்த்துவிட்டுத்தானே காசு வாங்கினாய்?" என்று கேட்டது. கோட்டாவில் அந்தக் கேள்வி இல்லை. நூறு கோடிகளில் போகும் பாலத்துக்குப் பாலிசி கொடுக்கும் கம்பெனி வரைபடத்தைப் பார்க்கக் கடமைப்பட்டதா? கடையின் இருப்பிடத்தைக் கண்ணால் பார்க்கலாம், பாலத்தின் கணக்கைப் பார்க்க முடியாது என்று பதில் சொல்லலாம். நியாயமான பதில்தான். ஆனால் அந்தப் பதிலைத் தீர்ப்பே சொல்லியிருந்தால் இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்று நமக்குத் தெரிந்திருக்கும்.

செத்துப்போன 48 பேரும் இந்தத் தீர்ப்பில் வழக்கின் பின்னணியில் ஒரு எண்ணாக வந்து போகிறார்கள். இது வேலைக்கான பாலிசி, தொழிலாளர் இழப்பீடு தனிச் சட்டம் என்பதால் அது பிழையில்லை. பாலம் 2017-இல் திறந்தேவிட்டார்கள். அது விழுந்ததற்கான இன்சூரன்ஸ் வழக்கு அதற்குப் பிறகும் ஏழு வருஷம் ஓடியது.

இந்த இரண்டையும் படித்துவிட்டுத் திரும்பப் போனபோது வக்கீல் மூன்றாவது ஒன்றைப் பற்றிச் சொன்னார். ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய பழைய கேஸ். 1950-இல் மேற்கு வங்கத்தில் முர்ஷிதாபாத் மாவட்டத்துத் துலியான் என்ற ஊரில் கங்கைக் கரையில் இருந்த வீடுகளுக்கு வெள்ளம், ஆற்று அரிப்பு எல்லாம் சேர்த்துக் காப்பு வாங்கியிருந்தார்கள். முழுப் பாலிசி கைக்கு வரவில்லை, கவர் நோட் மட்டும்தான். ஆறு நெருங்கிவரும் சமயத்தில் கம்பெனி காப்பை ரத்து செய்தது. அந்த மழைக்காலத்திலேயே வீடுகளைக் கங்கை கொண்டுபோனது. 1966-இல் உச்ச நீதிமன்றம் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஜெனரல் அஷ்யூரன்ஸ் எதிர் சந்த்மல் ஜெயின். நீதிபதி ஹிதாயத்துல்லா எழுதியது. இரு தரப்பும் செய்துகொள்ளாத ஒப்பந்தத்தை, எவ்வளவு நியாயமாகத் தெரிந்தாலும், கோர்ட் புதிதாகச் செய்து கொடுக்க முடியாது என்ற கருத்து அதில்தான் வருகிறது. அறுபது வருஷமாக இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல்கள் கையில் முதலில் இருப்பது அந்த வரிதான். இவரும் பேனல் நாட்களில் எத்தனையோ தடவை அதை வாசித்திருக்கிறார்.

இப்போது அண்ணனின் பாலிசி. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொது இன்சூரன்ஸ் கம்பெனிகளும் வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய ஒரே மாதிரியான பாலிசி ஒன்று இருக்கிறது, பாரத் கிரக ரக்ஷா. ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த வாசகம். அதனால்தான் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அதே கடிதம்தான் என்று மேலே சொன்னேன். பல விஷயங்களில் நல்ல பாலிசி. குறைவாக மதிப்புப் போட்டிருந்தாய் என்று சொல்லிக் கிளெய்மை வெட்ட முடியாது. வீட்டுச் சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், 10 லட்சம் ரூபாய் வரை, தானாகவே சேரும். புயல், வெள்ளம், நீர் சூழ்தல் ஒரு இனம். அதற்கு எதிரே விலக்கு எதுவும் இல்லை. அடுத்த இனம், நிலம் உள்வாங்குதல், சரிதல். அதற்கு எதிரேதான் சங்கதி. புதுக் கட்டடத்தின் இயல்பான விரிசலும் இறக்கமும் சேராது. மண் கொட்டி மேடாக்கிய நிலத்தின் இறக்கம் சேராது. கடல், ஆற்று அரிப்பு சேராது. குறையான வடிவமைப்பு, வேலைத்தரம், பொருள் சேராது. இடிப்பது, மாற்றிக் கட்டுவது, தோண்டுவது எதனால் வந்தாலும் சேராது.

இந்தப் பட்டியலைப் படித்தால் துலியானும் கோட்டாவும் கண்முன் வந்து நிற்கின்றன. 1950-இல் காசு கொடுத்து வாங்க முடிந்த ஆற்று அரிப்பு இன்றைய வீட்டுப் பாலிசியில் விலக்கு. பாலத்தைக் கவிழ்த்த வடிவமைப்பு வரி, ரெண்டு பெட்ரூம் வீட்டுக்கும் அப்படியே போடப்பட்டிருக்கிறது. மண் கொட்டிய நிலமோ? கன்னியகோயிலிலிருந்து கிருமாம்பாக்கம் வரை கடலூர் ரோட்டின் இரண்டு பக்கமும் கடந்த இருபது வருஷத்தில் எழுந்த வீடுகளில் எத்தனை வீட்டுக்கு அடியில் நெல் விளைந்த மண் இருக்கிறது என்று வண்டியில் போகிறபோதே பார்க்கலாம். ரோட்டை ஒவ்வொரு தடவையும் உயர்த்துகிறார்கள், மனை பள்ளமாகிறது, டிப்பரில் சவுடு அடிக்காமல் யாரும் வீடு கட்டுவதில்லை. எங்களுக்கு அது விதிவிலக்கான நிலைமை இல்லை, வீடு கட்டுவது என்றாலே அதுதான். டெக்ஸ்கோவின் கேள்வியை இங்கே கேட்க வேண்டும் என்பது என் வாதம். பேங்க் இன்ஜினியர் வந்து மனையைப் பார்த்து மதிப்புப் போட்டார். மேடாக்கிய மனை என்பது யாருக்கும் ஒளிந்திருக்கவில்லை. தெரிந்தே வாங்கிய பிரீமியம்தானே?

வக்கீல் தலையை ஆட்டினார், இல்லை என்று. "பார்த்தது பேங்க் ஆளு, கம்பெனி ஆளு இல்ல. அதோட, விலக்கு இருந்தா பாலிசி செத்துப் போகுமா? தீ இருக்கு, புயல் இருக்கு, இடி இருக்கு. உயிரோடதான் இருக்கு. டெக்ஸ்கோ ஓடாது." அவர் நம்பியது வேறு வழியை. ஜூவாரி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில், 2009-இல், மின்பலகையில் ஒரு கண நேரத் தீ, அதனால் மின்சாரம் போய், அதனால் பாய்லர் கெட்டது. சங்கிலியின் கடைசிக் கண்ணியை விட்டுவிட்டு முதலில் தூண்டிய காரணத்தைக் கோர்ட் பிடித்தது. அதே மாதிரி இங்கேயும் நிலம் இறங்கியது உண்மை, ஆனால் இறக்கியது நாள்கணக்கில் நின்ற வெள்ளம். மழைக்கு முன் இரண்டு வருஷம் அந்த மண் அசையவில்லை. வெள்ளத்துக்கு எதிரே விலக்கு கிடையாது. முப்பது வருஷ அனுபவம் என்பது இதுதான் போல. நான் நியாயத்தைத் தேடிக்கொண்டிருந்தேன், அவர் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று பார்த்துவைத்திருந்தார்.

ஆனாலும் எனக்கு ஒரு விஷயம் அடங்கவில்லை. அது இந்த மண்ணின் பழைய சட்டம்.

நாங்கள் இருப்பது பிரெஞ்சுக்காரன் ஆண்ட கிராமம். தென்பெண்ணைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரன் சட்டம், இந்தப் பக்கம் 1804-இன் பிரெஞ்சு சிவில் கோட். அதன் 1792ஆம் விதி, மொத்த விலை பேசிக் கட்டிய கட்டடம் முழுசாகவோ பாதியாகவோ அழிந்தால் வரைந்தவரும் கட்டியவரும் பத்து வருஷத்துக்குப் பொறுப்பு என்கிறது. கட்டுமானக் குறைக்கு மட்டும் அல்ல, மண்ணின் குறைக்கும். இதைப் படித்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மண் மோசம் என்று வீடு கட்டுகிறவர் தப்பிக்க முடியாது. மண்ணைப் பார்த்துக் கட்ட வேண்டியது அவர் வேலை. 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பிறகு இந்தியச் சட்டங்கள் இங்கே நீட்டிக்கப்பட்டன. ஒப்பந்தம் பற்றிய பிரெஞ்சு விதிகள் போய்விட்டன.

பிரான்ஸ் அங்கேயே நிற்கவில்லை. 1978 ஜனவரியில் வந்த ஸ்பினெத்தா சட்டம் கட்டுகிறவருக்குப் பத்து வருஷப் பொறுப்புக் காப்பையும், கட்டச் சொல்கிறவருக்குத் தனியாக ஒரு காப்பையும் கட்டாயமாக்கியது. இந்த இரண்டாவதுதான் முக்கியம். வீடு விரிந்தால் அந்த இன்சூரன்ஸ் யார் தப்பு என்று பார்க்காமல் முதலில் பழுதுக்குப் பணம் கொடுக்கும். 60 நாளில் ஏற்கிறதா என்று சொல்ல வேண்டும், 90 நாளில் தொகையைச் சொல்ல வேண்டும். பிறகு கட்டியவரின் கம்பெனியோடு அது சண்டை போட்டுக்கொள்ளும். வக்கீல்களுக்கு அங்கேயும் வேலை உண்டு, வீட்டுக்காரர் தலைக்கு மேல் அந்தச் சண்டை நடக்கும், அவ்வளவுதான். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றும் சொல்ல முடியாது. பிரீமியம் அதிகம். தனக்கென்று வீடு கட்டும் தனியாள் எடுக்காவிட்டால் தண்டனை இல்லை என்பதால் அங்கேயும் எடுக்காமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நம்மிடம் என்ன இருக்கிறது? ரெரா சட்டம் 2016, பிரிவு 14, கட்டமைப்புக் குறைக்கு ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருஷம் பொறுப்பு. ஆனால் அது புரொமோட்டருக்கு. 500 சதுர மீட்டருக்குள் அல்லது எட்டு வீட்டுக்குள் இருக்கும் திட்டத்துக்குப் பதிவே வேண்டாம். மேஸ்திரி வைத்துச் சொந்த மனையில் கட்டும் வீடு அந்தச் சட்டத்தின் கண்ணிலேயே படாது. வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று 1993-இல் லக்னோ வளர்ச்சிக் குழும வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதால் மேஸ்திரியை நுகர்வோர் ஆணையத்துக்கு இழுக்கலாம். இழுத்து? அண்ணனின் மேஸ்திரிக்குச் சொந்தமாக ஒரு மிக்ஸர் மெஷினும் ஒரு பழைய பைக்கும் இருக்கிறது.

2024 ஜனவரியில் புதுச்சேரி ஆட்டுப்பட்டியில் நடந்ததைப் பலர் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். உப்பனாறு வாய்க்கால் ஓரம் புதிதாகக் கட்டி, கிரகப்பிரவேசம்கூட ஆகாத மாடி வீடு பக்கவாட்டில் சாய்ந்து மொத்தமாக விழுந்தது. வாய்க்கால் வேலைக்குத் தோண்டியதுதான் காரணம் என்று அக்கம்பக்கத்தார் கொதித்தார்கள். யார் தப்பு என்பதை விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் நிற்கும் ஒரு வீட்டைப் பாலிசியின் பட்டியலுக்கு எதிரே வைத்துப் பாருங்கள். தோண்டியது என்றால் விலக்கு, அஸ்திவாரம் போதவில்லை என்றால் விலக்கு, மண் என்றால் விலக்கு, புதுக் கட்டடம் என்றாலும் ஒரு விலக்கு. எந்தக் கதவைத் தட்டினாலும் பூட்டு. கோட்டா தீர்ப்பின் மீது எனக்கு இருக்கும் வருத்தம் கடைசியில் இதுதான். ஹூண்டாய்க்கும் கேமனுக்கும் 39 கோடி போனது பற்றி நான் அழப்போவதில்லை, கூடுதல் காப்பு வாங்கத் தெரிந்தவர்கள், வாங்கியிருக்கலாம். ஆனால் அந்தத் தீர்ப்பில் உறுதியான வரி, பேரம் பேசத் தெரிந்த ஒப்பந்தக்காரருக்கும் பேங்க் கவுண்டரில் கையெழுத்துப் போட்ட அண்ணனுக்கும் ஒரே மாதிரி பொருந்தும். இருவருக்கும் வித்தியாசம் உண்டு என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

இதை வக்கீலிடம் சொன்னேன். அவர் பழைய பேனல் வக்கீலாக மாறிவிட்டார். "மோசமா கட்டினவன் வீட்டுக்கும் கம்பெனி பணம் கொடுத்தா, அந்தக் காசு யாரு தர்றது தம்பி? ஒழுங்கா கட்டினவன் கட்டுற பிரீமியம்தான். அப்புறம் எவன் ஒழுங்கா கட்டுவான்?" இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பிரெஞ்சுக்காரர்களின் பதில், கட்டுகிறவரும் பிரீமியம் கட்ட வேண்டும் என்பது. பைக்கும் மிக்ஸரும் வைத்திருக்கும் நம் மேஸ்திரியிடம் அதை யார் வசூலிப்பது என்று அவர் திருப்பிக் கேட்டார்.

கேஸ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறது. 2019 சட்டத்தில் எல்லை கட்டிய பணத்தை வைத்துத்தான், கேட்கும் இழப்பை வைத்து அல்ல. இன்சூரன்ஸில் கட்டிய பணம் என்றால் பிரீமியம். அதனால் டெல்லிக்கு ஓட வேண்டாம். இரண்டு வருஷக் கெடு இருக்கிறது, அதற்குள் போட்டுவிடலாம். எதிர்த்தாளுக்காக ஒரு கட்டமைப்பு இன்ஜினியரை வக்கீலே அனுப்பினார். அவர் விரிசலை அளந்தார், செப்டிக் டேங்க் பக்கம் ஒரு குழி தோண்டச் சொன்னார், மண்ணை விரலில் நசுக்கிப் பார்த்தார். எத்தனை அடிக்கு மண் அடித்தீர்கள், எத்தனை நாள் ஊறவிட்டுத் தண்ணீர் பாய்ச்சி இறுக்கினீர்கள், எந்த ஏரி மண், எத்தனை லோடு என்று கேட்டுக்கொண்டே வந்தார். அண்ணனுக்கு எல்லாம் மனப்பாடமாகத் தெரிந்தது. நாற்பத்திரண்டு லோடு. ரசீது இருக்கா என்று கேட்டார்.

மண் லோடுக்கு யார் ரசீது வாங்குகிறார்கள்? அண்ணன் உள்ளே போய், டிப்பர் டிரைவர் வீட்டுச் சுவரில் கரித்துண்டால் போட்ட கோடுகள், ஐந்தைந்தாக, பெயின்ட் அடிக்காத அந்தப் பின்பக்க மூலையில் இன்னும் இருப்பதைக் காட்டினார். இன்ஜினியர் அதைப் படம் எடுத்துக்கொண்டார்.